சுழியில் குடியிருப்போர்

கேட்டா நகரத்துக்கு ஒருபுறம் கடல்,
மறுபுறம் உப்புக் காயல்,
நடுவே கயிறு கிடப்பதுபோல் கொஞ்சம் மண்.
அந்தக் கயிற்றின் பிரிகளை
ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருக்கிறது கடல்.

நிலப்பதிவு அலுவலகத்தில் மாவுவேனா
வீடு போனவர்களின் படிவங்களைக்
கணினியில் ஏற்றுகிறாள்.
பெயர் இருக்கிறது. பிள்ளைகள் எத்தனை, இருக்கிறது.
முகவரிக் கட்டத்தில் மட்டும்
யாரும் எதுவும் எழுதவில்லை.
கஃபுயி என்ற கருவாட்டு வியாபாரி
அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்து
வெகுநேரம் இருந்திருப்பாள் போலிருக்கிறது,
ஒரு மைப்பொட்டு ஊறிப் பரவியிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் வரைபடம் வந்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளும்
ஊரில் இல்லை. காயலில் இல்லை.
தெற்கே அறுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால்
கினி வளைகுடாவில்,
ஒரே புள்ளியில்.
அட்சரேகை பூஜ்யம். தீர்க்கரேகை பூஜ்யம்.
எழுதாமல் விட்டதையெல்லாம்
பூஜ்யம் என்று படித்துவிட்டது இயந்திரம்.

"பிழை. அழித்துவிடு" என்றார்
மேலாளர் அக்பெனியேகா,
கென்கே உருண்டையைப் பிட்டபடி.

பிழைதான்.
ஆனால் வெற்றுக் கட்டம் சொல்வது
எனக்குத் தெரியாது என்று.
பூஜ்யம் சொல்வது
தெரியும், எண்ணிப் பார்த்தேன், இல்லை என்று.
காலிப் பையைக் கவிழ்த்துக் காட்டுகிறவனும்
பையே கொண்டுவராதவனும் ஒருவனா?

(நான் எழுதும் மொழியில்
ஒன்றுமில்லை என்பதற்கே
முதலில் ஒன்றை அழைக்க வேண்டும்.
வாசல்வரை அதைக் கூட்டிவந்து
பிறகுதான் இல்லை என்று கதவைச் சாத்துகிறோம்.
எண்ணுவதற்கும் நினைப்பதற்கும் ஒரே சொல்.
எண்ண முடியாதவர்களை எப்படி நினைப்பது
என்று அந்தச் சொல் எனக்குச் சொல்லித் தரவில்லை.)

புள்ளிக்கு நீளமில்லை, அகலமில்லை.
ஒரு பாய் விரிக்க முடியாது.
அங்கேதான் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.
இன்னொன்று வந்தால் யாரும் நகர வேண்டாம்.
முடிவில்லாமல் வந்துகொண்டே இருந்தாலும்
வேலித் தகராறு வராது.
வருகிறார்கள்:
லீமாவில் பெயர்ப்பலகை இல்லாத ரொட்டிக்கடை,
பெர்கனில் தொலைந்த மிதிவண்டி,
உலகத்துக் கணினிகளில் யாரோ நிரப்ப மறந்த
எல்லாக் கட்டங்களும்.

டோட்ஸே அங்கே போயிருக்கிறான்,
சூரைமீன் கப்பலில் சமையல்காரனாக.
"ஒரு மிதவை. மேலே பறவை எச்சம். அவ்வளவுதான்."
கீழே ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில்
அதற்கு நங்கூரம் உண்டாம்.
பூஜ்யத்தையும் கட்டித்தான் வைக்க வேண்டியிருக்கிறது.
கயிறு தளர்வு. அதனால் மிதவை
நடுவில் ஒருபோதும் சரியாக நிற்பதில்லை.
சுழியைச் சுற்றி
இன்னொரு சுழி போட்டுக்கொண்டே இருக்கும்.

மாவுவேனா அழிக்கவில்லை.

திங்களன்று கஃபுயி வந்தாள்.
வாசலிலிருந்து அலைவரைக்கும்
அவள் ஆண்டுதோறும் நடந்து பார்த்தவள்.
எண்பது அடி. நாற்பது. இருபது. பத்து.
மீதியில் பாதி, அதில் பாதி என்றே போனால்
மண் ஒருநாளும் தீராது,
கணக்கில்.
கடல் கணக்குப் படித்ததில்லை.
பத்தாம் அடிக்குப் பிறகு
ஒரே இரவு.

மாவுவேனா திரையைத் திருப்பிக் காட்டினாள்.
"இதுதான் உங்கள் வீடு."
கஃபுயி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து
நீலத்துக்கு நடுவில் இருந்த புள்ளியைப் பார்த்தாள்.
வீட்டுக்கு எத்தனை அறை என்று கேட்கவில்லை.

"இங்கிருந்து கடல் எவ்வளவு தூரம்?"

மாவுவேனா எண்ணிப் பார்த்தாள்.
"பூஜ்யம்."

"நல்லது" என்றாள் கஃபுயி,
கூடையைத் தலைக்கு ஏற்றியபடி.
"இனி அதற்கு
நெருங்கி வர வழியில்லை."